கோரைக்குள் ஒரு கண்

ஒரு பறவையை முழுசாகப் பார்த்துவிட்டுப் பெயர் சொல்வதில் என்ன கெட்டிக்காரத்தனம் இருக்கிறது? புத்தகத்தில் படம் இருக்கிறது, எதிரே பறவை இருக்கிறது, இரண்டையும் ஒத்துப் பார்த்தால் தீர்ந்தது. எனக்கு வாய்த்தவை எல்லாம் அரைகுறைகள். வாலின் நுனி, பாதி இறக்கை, இலைக்கு நடுவில் ஒற்றைக் கால், மழையில் ஊறிப் பழந்துணி மாதிரி உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒன்று. பெங்களூரில் தமிழ் பேசும் பறவைப் பைத்தியங்கள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு க்ரூப் வைத்திருக்கிறோம். அதில் இப்படி ஒரு படம் வந்து விழுந்ததும் கீழேயே என்னைக் கூப்பிடுவார்கள். "மேடம், இது என்னன்னு பாருங்க."

பார்த்துச் சொல்வேன். ஈஜிபுராவிலிருந்து ஒருவர், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பேய் இருப்பதாக வீட்டு ஓனர் அலறுகிறார் என்று ஒரு படம் அனுப்பினார். இருட்டில் வெள்ளையாக ஓர் அரைவட்டம், அவ்வளவுதான். கூகை, பாதி முகம், எலி பிடிக்க வந்திருக்கிறது, ஓனர் மாதிரி வாடகை கேட்காது என்று எழுதினேன். இன்னொருவர் தென்னை மட்டைக்குள் செங்கல் நிறத்தில் ஒரு திட்டைக் காட்டிக் கழுகா என்று கேட்டார். செம்போத்து. ஒரு தடவை மின்கம்பியில் தொங்கிய கறுப்பு உருவத்தைப் பார்த்து, வால் பிளந்திருக்கிறது, கரிச்சான்தான் என்று ஆளாளுக்குச் சத்தியம் செய்தார்கள். அது கிழிந்த குடை. அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"வாலைப் பாத்தே ஜாதகம் கணிக்கிறியே, வாசல்ல ஒரு போர்டு மாட்டிடலாமா?" என்பார் என் வீட்டுக்காரர்.

இந்தப் பழக்கம் எனக்கு ஆசைப்பட்டு வந்ததல்ல. என் கேமரா, வெளிநாடு போன ஒருவர் கழித்துக் கட்டியது. க்ரூப்பில் மற்றவர்கள் தோளில் தூக்கி வருகிற லென்ஸைப் பார்த்தால் பீரங்கி மாதிரி இருக்கும். என்னுடையது கிட்டே போனால் பறவை பறந்துவிடும், தள்ளி நின்றால் பொட்டு மாதிரி விழும். போதாததற்கு எங்கள் பால்கனி முழுக்கப் புறா வலை. வலையின் ஓட்டைக்குள் லென்ஸை நுழைத்துக் கிடைத்ததை எடுப்பேன். கிடைப்பது எப்போதும் பாதிதான். அந்தப் பாதியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தே கண் பழகிவிட்டது.

வேலையும் அதே மாதிரி அமைந்தது. எலக்ட்ரானிக் சிட்டியில், கணக்குத் தொடங்குகிறவர்கள் அனுப்பும் செல்ஃபியை அடையாள அட்டைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை. முகம் முழுசாக இல்லை என்றால் மறுத்துவிட வேண்டும். இது அதே ஆள்தான் என்று காதின் மடலைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். இருந்தாலும் விதி விதிதான், மறுப்பேன். மறுக்கப்பட்டவர் சட்டையை மாற்றிக்கொண்டு வெளிச்சத்தில் நின்று இன்னொரு படம் எடுத்து அனுப்புவார். யாருக்கும் நஷ்டம் இல்லை.

க்ரூப்பில் ஒரு பெரியவர் உண்டு. பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் அவர் 'சார்'. சும்மா சொல்லக் கூடாது, மெத்தென்று பேசுவார், யாரையும் மரியாதை குறைத்துக் கூப்பிட மாட்டார். அபூர்வமான பறவை என்று யாராவது ஒரு படம் போட்டால், சார் 'கன்ஃபர்ம்ட்' என்று எழுதினால்தான் அது பறவை. அவர் எழுதாதவரை நாம் பார்த்தது எதுவோ, அது பறவை இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் ஒரு க்விஸ் வைப்பார். தன்னுடைய படம் ஒன்றில் ஒரு துண்டை மட்டும் வெட்டிப் போட்டு, "இது யார்?" என்று கேட்பார். முதலில் சரியாகச் சொன்னவருக்கு ஒரு கோப்பைப் படம். எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கோப்பை எனக்கு வந்திருக்கிறது. கோப்பை வாங்கும்போது நான் 'மேடம் கிரேட்'. நானாக ஒரு துண்டைக் கொண்டுபோய்க் காட்டினால் மட்டும் கதை வேறு. அது எனக்கு இந்த வருஷம்தான் புரிந்தது.

நாங்கள் குடியிருப்பது சந்தாபுராவுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன ஏரியை ஒட்டிய ஃப்ளாட்டில், மூன்றாவது மாடி. ஏரி என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி மழைத்தண்ணீர், பாதி சாக்கடை. வந்த புதிதில் நாற்றம் தாங்காமல் ஜன்னலைத் திறக்கவே இல்லை. ஆனால் தென்கரையில், எங்கள் பால்கனிக்கு நேர் கீழே, ஆளுயரத்துக்குக் கோரை மண்டிக் கிடந்தது. வேறு வீடு பார்க்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்லும்போதெல்லாம் அந்தக் கோரைக்காகவே நான் காதில் வாங்காமல் இருந்தேன்.

இந்த வருஷம் ஆடி முடிகிற சமயம், நல்ல மழை. ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே பால்கனிக்கு வந்தேன். கோரை விலகியிருந்த ஓர் இடத்தில் ஏதோ என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. வாயைக் கொப்பளிக்காமலே கேமராவை எடுத்து வந்து வலைக்குள் நுழைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு கண். கண்ணைச் சுற்றி வெளிர் மஞ்சளில் ஒரு வளையம். அது பின்பக்கமாகக் கொஞ்சம் இழுபட்டு, கமா போட்டது மாதிரி முடிந்தது. அதற்குக் கீழே அலகின் அடி கொஞ்சம். மற்றதெல்லாம் கோரை.

மயில் உள்ளான். ஆண்.

எத்தனை வருஷமாகத் தேடிய பறவை! அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் ஓடிப்போய் மூச்சு விடாமல் சொன்னேன். இந்தப் பறவையில் அழகும் பளபளப்பும் பெட்டைக்குத்தான். முட்டையிட்டதும் அது அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். முட்டையின் மேல் உட்காருவது, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிவது எல்லாம் ஆணின் பாடு. இதைக் கேட்டுவிட்டு அவர் தோசைக்கரண்டியை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"பாவம்மா அவன். அவன் கஷ்டம் எனக்குப் புரியுது."

மறுநாள் காலையிலும் அதே இடத்தில் அதே கண். அதற்கு அடுத்த நாளும். மழை கொட்டியபோதும் அது அங்கேயே இருந்தது. கோரை காற்றில் ஒரு பக்கம் சாய்ந்தால் கண் தெரியும், இன்னொரு பக்கம் சாய்ந்தால் தோளில் சட்டைப்பட்டி மாதிரி இறங்கும் வெளிறிய கோடு தெரியும். ஒரு பறவை இடத்தை விட்டு அசையாமல் இப்படி உட்கார்ந்திருந்தால் அதற்குக் கீழே முட்டை இருக்கிறது என்று அர்த்தம். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. கூட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்பது எங்கள் க்ரூப்பில் எழுதி வைத்த விதி. நடைபாதையில் போகும்போதுகூட அந்த இடத்தில் நின்று பார்க்க மாட்டேன். நான் நின்றால் நாலு பேர் நிற்பார்கள்.

அப்புறம் ஏரி கேட்டில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். பிள்ளையார் கரைப்பதற்காகத் தென்கரையைச் சுத்தம் செய்து படி கட்டப் போகிறார்களாம். கோரையை இயந்திரம் விட்டு வாரப் போகிறார்கள்.

ஏரிக் கமிட்டியின் செயலாளர் எங்கள் பில்டிங்கிலேயே கீழே இருக்கிறார். தாத்தா காலத்திலிருந்து இந்த ஊர்க்காரர், தமிழும் கன்னடமும் ஒரே வாயில் வரும். நேரே அவரிடம் போனேன்.

"மேடம், கோரைல பாம்பு இருக்குன்னு டெய்லி கம்ப்ளெய்ன்ட். பிள்ளையார் ஹப்பக்கு முன்னாடி ஆயிடணும். ஜேசிபிக்குச் சொல்லியாச்சு," என்றார்.

"ஒரு மூணு வாரம் பொறுத்துக்குங்க சார். இது குஞ்சு பொரிச்சதும் கூட்டுல உக்காந்திருக்காது. குஞ்சுங்க அன்னைக்கே எழுந்து அப்பா பின்னாடி நடந்து போயிடும். அப்புறம் நீங்க என்ன வேணா பண்ணிக்குங்க. இந்த வருஷம் பிள்ளையாரை வடக்குப் பக்கம் கரைச்சா அவர் கோவிச்சுக்குவாரா?"

அவர் சிரித்துவிட்டார். படத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல கண்ணுதான் இருக்கு?"

"அந்தக் கண்ணே போதும் சார்."

"எனக்கு நீங்க சொன்னா போதும் மேடம். கமிட்டில மத்தவங்க ஒப்பணுமே? உங்க க்ரூப்ல பெரியவர் இருக்காரில்ல, நம்ம ஏரி போர்டுக்கெல்லாம் பறவை பேரு எழுதிக் குடுத்தவரு, அவர் ஒரு வார்த்தை ஆமான்னு சொல்லட்டும். கூடு இருக்குன்னு அவர் சொல்லிட்டா ஜேசிபி கெலசத்தை நான் நிறுத்தறேன். என் பொறுப்பு."

நல்ல மனுஷன். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. அவர் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. அது சாரின் வாயிலிருந்து வந்தால் முட்டைகள் பிழைக்கும். இவ்வளவு சுலபமா என்று நினைத்துக்கொண்டு படியேறினேன். என் புத்தியை எதால் அடிக்க?

அன்றைக்கே படத்தை க்ரூப்பில் போட்டேன். இடத்தைச் சொல்லவில்லை. 'மயில் உள்ளான், ஆண். அடைகாக்கிறது. சார் கன்ஃபர்ம் பண்ணினால் ஒரு நல்ல காரியம் நடக்கும்' என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் சார் பதில் போட்டார்.

"கோரை உள்ளான் மேடம். இந்த வருஷம் சீக்கிரமே வந்திருக்கு. நைஸ்."

கோரை உள்ளான் பனிக்காலத்துக்கு வந்து போகிற விருந்தாளி. இங்கே கூடு கட்டாது. அது கோரை உள்ளான் என்றால் கூடும் இல்லை, முட்டையும் இல்லை, இயந்திரத்தை நிறுத்தவும் வேண்டியதில்லை. நான் எழுதினேன்: கோரை உள்ளானுக்குக் கண்ணின் குறுக்கே கோடு ஓடும், முகமே வரிவரியாக இருக்கும். இதற்குக் கண்ணைச் சுற்றி வளையம், பின்னால் ஒரு கமா. தோளில் பட்டியும் இருக்கிறது, இதோ அடுத்த படம். சின்னக் குழந்தைக்குச் சொல்வது மாதிரி வட்டம் போட்டுக் காட்டினேன்.

"மேடம், உங்க ஆர்வம் புரியுது. ஆனா கண்ணை மட்டும் வெச்சு ரேர் பேர்டைச் சொல்லக் கூடாது. முழுப் பறவையை அனுப்புங்க, உடனே கன்ஃபர்ம் பண்றேன்."

அதற்குக் கீழே வரிசையாக வந்தது பாருங்கள். 'சார் சொன்னா சரி.' 'கரெக்ட் சார்.' 'மேடம், ஃபுல் பேர்ட் ப்ளீஸ்.' தண்ணீர்த் தொட்டிப் பேய்க்காரரும் அதில் ஒருவர். அரை முகத்தை வைத்து நான் பேயை விரட்டியபோது முழுப் பறவை வேண்டும் என்று எவரும் கேட்கவில்லையே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லிங்கராஜபுரத்தில் இருக்கும் ஒரு பெண் எனக்கு க்ரூப்பில் நெருக்கம். என்னைவிடச் சின்னவள், அக்கா அக்கா என்று உயிரை விடுவாள். உள்ளான்களில் அவளுக்கு நல்ல பழக்கம். அவள் தனியாக எனக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பினாள். "அக்கா, சூப்பர்! மயில் உள்ளானேதான். சந்தேகமே இல்ல."

"அதை க்ரூப்ல சொல்லு," என்று எழுதினேன்.

ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது. "சாரை எதுத்து எப்படிக்கா? நான் சின்னவ. நீங்களே ஒரு நல்ல ஷாட் எடுத்துடுங்களேன்."

நல்ல ஷாட் எடுக்க எனக்குத் தெரியாதா? கோரைக்குள் நாலு எட்டு வைத்தால் போதும், அது எழுந்து பறக்கும், முழுசாக, இறக்கை விரித்து, ஒவ்வொரு புள்ளியும் தெரிய. முட்டைகள் திறந்து கிடக்கும். எங்கள் பில்டிங் மொட்டை மாடியில் காக்காய்கள் சும்மா உட்கார்ந்து என்ன செய்கின்றன என்று நினைக்கிறீர்கள்? முழுப் பறவை வேண்டும் என்றால் அதைக் கூட்டிலிருந்து கிளப்ப வேண்டும். அது உட்கார்ந்திருக்கிற வரைக்கும் பாதிதான் தெரியும். பாதி தெரிவதுதான் கூடு இருப்பதற்கே அத்தாட்சி. இதைப் பறவை பார்க்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டுமா?

விளக்கினேன். சாருக்கு ஃபோன் போட்டேன். பிள்ளையார், இயந்திரம், செயலாளர் கேட்ட ஒரு வார்த்தை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நான் பாக்காம எப்படி மேடம் சொல்றது? நாளைக்கு யாராவது கேட்டா என் பேர் என்னாகும்? இடத்தைச் சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை நானே வந்து பாத்துடறேன்."

"வாங்க சார், தாராளமா வாங்க. ஆனா நீங்க மட்டும் வாங்க. கரையில நிக்க வேண்டாம், நேரா எங்க வீட்டுக்கு வாங்க. பால்கனில உக்காந்து உங்க லென்ஸ்ல பாத்தா தோள்பட்டி வரைக்கும் தெரியும். கோரைக்குள்ள மட்டும் யாரும் இறங்கக் கூடாது சார்."

"கண்டிப்பா மேடம். எனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாதா என்றார். அந்த வார்த்தையை நம்பி இடத்தைச் சொன்னேன். வேறு என்ன வழி இருந்தது? இயந்திரம் திங்கட்கிழமை வருவதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் டிகாக்‌ஷன் இறக்கி வைத்தேன். பால்கனியில் துணி காயப்போடும் கொடியைக் கழற்றி, நல்ல நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன். புறா வலையில் அவருடைய லென்ஸ் நுழைகிற அளவுக்குக் கத்திரியால் வெட்டி வைத்தேன். "மாப்பிள்ளை வர்ற மாதிரி ஏற்பாடு நடக்குது," என்றார் வீட்டுக்காரர். கீழே பார்த்தேன். கண் அங்கேயே இருந்தது.

காலிங்பெல்லுக்காகக் காத்திருந்தபோது கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. ஒரு கதவு இல்லை, வரிசையாக. எட்டிப் பார்த்தேன். கரை முழுக்க ராணுவப் பச்சைச் சட்டைகள், தொப்பிகள், பீரங்கிகள். க்ரூப்பே வந்து இறங்கியிருந்தது. சார் நடுவில் நின்று கையை நீட்டி இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒருவர் சின்ன ஸ்பீக்கரில் மயில் உள்ளானின் குரலைப் போட்டார். பதிவு செய்த பெட்டைக் குரல் 'ஊக்… ஊக்…' என்று ஏரி முழுக்கக் கேட்டது. கம்பூட்ஸ் போட்ட இரண்டு பேர் கோரையை விலக்கிக்கொண்டு உள்ளே இறங்கினார்கள்.

நைட்டியின் மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஓடினேன். லிஃப்டுக்கு நிற்கவில்லை. இரண்டாவது மாடியிலேயே கத்த ஆரம்பித்துவிட்டேன். நான் கேட்டைத் தாண்டும்போது அது எழுந்தது. இறக்கையில் வட்ட வட்டமாகப் பொன் புள்ளிகள், கால்கள் பின்னால் தொங்க, மெதுவாக, ரொம்ப மெதுவாக, தண்ணீருக்கு மேலே போயிற்று. என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் முழு மயில் உள்ளான் அதுதான். கேமராக்கள் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி சத்தம் போட்டன.

"சூப்பர் சார்!"

"ஷார்ப்பா வந்திருக்கு!"

அப்புறம் எல்லோரும் குனிந்து அவரவர் திரையைப் பார்த்தார்கள். தரையை ஒருவரும் பார்க்கவில்லை. கோரைக்குள் இருந்த இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே திரும்பி நின்று, தங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். நான் சேற்றில் இறங்கி அவர்களைப் பிடித்துத் தள்ளினேன். நசுங்கிய கோரை மெத்தையில் மஞ்சள் நிறத்தில் கறுப்புத் திட்டுத் திட்டாக முட்டைகள். ஒன்றின் மேல் பூட்ஸ் ஏறியிருந்தது.

"அறிவிருக்கா உங்களுக்கு? படிச்சவங்கதானே நீங்க? கூட்டு மேல நிக்கிறீங்களே, கண்ணு தெரியல? இத்தனை லென்ஸ் வெச்சிருக்கீங்க, காலுக்குக் கீழ இருக்கிறது தெரியலையா?"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுத முடியாததையும் சொன்னேன். சார் கரையிலிருந்து, இரண்டு கைகளையும் கீழே அழுத்துவது மாதிரிக் காட்டி, மெத்தென்ற அதே குரலில் சொன்னார்.

"டென்ஷன் ஆகாதீங்க மேடம். உங்களுக்கு நல்ல செய்தி. கன்ஃபர்ம்ட். நீங்க சொன்னதுதான் கரெக்ட்."

அவர் அதை மனப்பூர்வமாகச் சொன்னார். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தார். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மற்ற முட்டைகள் அப்போது முழுசாகத்தான் இருந்தன. எல்லோரும் உடனே கிளம்பியிருந்தால் அது திரும்பி வந்திருக்கும். "போங்கய்யா, தயவு செஞ்சு போங்க," என்று கெஞ்சினேன். கரைக்கு ஏறினார்கள், போகவில்லை. உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு ஷாட் கிடைக்குமா என்று காத்திருந்தார்கள். யாரோ ஃப்ளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினார்கள். பறவை எதிர்க்கரையில் இரண்டு தடவை வந்து இறங்கி, இந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு மறுபடி எழுந்து போயிற்று. வெயில் ஏறிய பிறகுதான் கார்கள் கிளம்பின. நான் கரையில் நின்று காக்காய்களைத் துரத்திக்கொண்டிருந்தேன். நான் இருந்தால் பறவை வராது, நான் போனால் காக்காய் வரும். கடைசியில் வீட்டுக்காரர் வந்து என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். பால்கனிக்கு வந்து கீழே பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சாயங்காலம் செயலாளர் மேலே வந்தார். முகம் வாடியிருந்தது. சார் அவருக்கு அனுப்பிய செய்தியைக் காட்டினார். மயில் உள்ளான் இருப்பது உறுதி, ஏரிக்கு இது பெருமை, தற்போது கூடு ஏதும் இல்லை, வேலையைத் தொடரலாம். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"நான் என்ன பண்ணட்டும் மேடம்?" என்றார்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் சார். காபி சாப்பிடுங்க," என்றேன். சாருக்கென்று காலையில் இறக்கிய டிகாக்‌ஷன் அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை இயந்திரம் வந்தது. கோரை போயிற்று. இப்போது அங்கே சிமெண்ட் படி இருக்கிறது. பிள்ளையார்களைக் கரைத்துவிட்டுப் போன பூவும் தெர்மகோலும் படியில் ஒதுங்கிக் கிடக்கின்றன.

லிங்கராஜபுரத்துப் பெண் அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை, சர்ச்சுக்குப் போயிருந்தாள். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள். "ஐயோ அக்கா, கேள்விப்பட்டேன். மனசே கேக்கல. எனக்கு அப்பவே தெரியும்க்கா, அது மயில் உள்ளான்தான்னு."

"அப்பவே தெரிஞ்சா அப்பவே சொல்லணும்," என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் மறுபடி கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. அவள் அன்றைக்கு க்ரூப்பில் ஒரு வரி எழுதியிருந்தால், இரண்டாவது ஆளும் சொல்கிறார் என்று சார் ஒருவேளை யோசித்திருப்பார். யோசிக்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் அவள் எழுதவில்லை.

க்ரூப்பை விட்டு வெளியே வா என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு வீம்பு. ஒருவராவது அந்த முட்டைகளைப் பற்றி எழுதுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் முழுக்கப் படங்கள்தான் வந்தன. பறக்கும் படம், திரும்பும் படம், தண்ணீரில் நிழல் விழும் படம். எல்லாவற்றுக்கும் கீழே கைதட்டல். முட்டை என்ற சொல்லே வரவில்லை. கூட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்பது விதி அல்லவா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சார் க்விஸ் வைத்தார். நானும் வீட்டுக்காரரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு கண். கண்ணைச் சுற்றி வெளிர் மஞ்சள் வளையம், பின்னால் ஒரு கமா. 'இது யார்?'

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இது நீ எடுத்த போட்டோதானே? உன்னுதையா போட்டிருக்காரு?"

"இல்ல. அவர் எடுத்தது."

கண் இமைப்பதற்குள் பதில்கள் கொட்டின. 'மயில் உள்ளான், ஆண்!' 'வெரி ஈஸி சார்.' 'கண்ணைப் பாத்தாலே தெரியுதே சார்!' தண்ணீர்த் தொட்டிப் பேய்க்காரர், ஃபுல் பேர்ட் கேட்டவர்கள், ஒருவர் பாக்கியில்லை. முதலில் சொன்னது லிங்கராஜபுரத்துப் பெண். அவளுக்குக் கோப்பை.

நான் எழுதினேன். "சார், கண்ணை மட்டும் வெச்சு ரேர் பேர்டைச் சொல்லக் கூடாது. முழுப் பறவையை அனுப்புங்க."

சார் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டார். 'மேடம் எப்பவும் தமாஷ்தான்' என்று எழுதி, முழுப் படத்தை அனுப்பியே விட்டார். நான் கேட்டைத் தாண்டுகிற அதே நொடியில் எடுத்த படம். நல்ல படம், பொய் சொல்ல மாட்டேன். கோரைக்கு மேலே இறக்கை விரித்து எழுகிறது, பொன் புள்ளி ஒவ்வொன்றும் தெரிகிறது. எல்லோரும் அதைத்தான் பார்த்திருப்பார்கள். என் கண் போகிற இடம் வேறு. படத்தின் கீழ் ஓரத்தில், நசுங்கிய கோரைக்கு நடுவே, மஞ்சளும் கறுப்புத் திட்டுமாக ஓர் உருண்டை, பாதி வெட்டுப்பட்டு இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பூட்ஸின் முனை. அது இன்னும் முட்டையின் மேல் ஏறவில்லை.

அந்த மூலையை மட்டும் வெட்டினேன். க்ரூப்பில் போட்டேன். 'இது என்ன?' என்று கேட்டேன். எத்தனையோ பேருடைய அரைகுறைகளுக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன். நான் கேட்ட முதல் க்விஸ் அது.

ஒவ்வொருவராகப் பார்த்தது தெரிந்தது. ஒருவரும் எழுதவில்லை. டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. கடைசியில் ஈஜிபுராக்காரர், 'கூழாங்கல்லா மேடம்?' என்று கேட்டார். அதற்குக் கீழே சார் எழுதினார்.

"க்வாலிட்டி சரியில்ல மேடம். இதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. முழுசா இருந்தா அனுப்புங்க."

அந்த வரிக்கு ஒவ்வொருவராகக் கட்டைவிரலை உயர்த்தினார்கள். யார் யார் என்று தொட்டுப் பார்த்தேன். லிங்கராஜபுரத்துப் பெண்ணின் விரலும் அதில் இருந்தது.